ஆடியிலும் இடமில்லை

ஏப்ரல் 28, ஞாயிறு

நேற்று நாங்கள் வாடகைக்குக் கொண்டுபோன மணவறையில் நித்திரையாகிவிட்டேன். அதுவும் மாப்பிள்ளைக்கு வைத்த கதிரையில், வாயைத் திறந்தபடி.

விடியவே எழும்பி வான் வண்டியில் சாமான் ஏற்றியது, மண்டபத்தில் இறக்கியது, தூண்களைப் பூட்டியது, பிள்ளையாரை உச்சியில் ஏற்றியது எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கதிரை ஆடுகிறதா என்று ஒருக்கால் இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. வந்திருந்த சனம் முழுவதற்கும் தெரியும். கண் விழித்தபோது முன்வரிசையில் ஒரு சின்னப்பிள்ளை, "அம்மா, மாப்பிளை ஏன் இவ்வளவு கிழடு?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. படம் எடுக்கிறவன் இரக்கமில்லாமல் எடுத்துத் தள்ளிவிட்டான். என் வயிறு அவ்வளவு பெரிது என்பது அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

படம் ஒட்டாவா வரைக்கும் போய்விட்டது. பின்னேரம் மகள் ஆரணி அங்கிருந்து போன் எடுத்தாள். ஞாயிறு பின்னேரம் என்றால் அவளுடைய போன். அதை எதிர்பார்த்து நான் குளித்துவிட்டுத்தான் இருப்பேன், எதற்குக் குளிக்கிறேன் என்று தெரியாது.

"என்னப்பா, ரெண்டாம் கலியாணமோ? அம்மாவுக்குச் சொல்லேல்லையோ?"

"பொம்பிளை வரேல்லை பிள்ளை. பாத்துப் பாத்துக் கண் அயர்ந்து போச்சு."

சிரித்து முடித்த பிறகு குரலை மாற்றினாள். "அப்பா, என்ர சிநேகிதர் ஒராள் கலியாணம் செய்யப் போறார். ஆதவன். உங்களிட்டத்தான் மணவறை எடுக்கச் சொல்லியிருக்கிறன். வடிவாச் செய்து குடுங்கோ. வடிவா, என்ன?"

"பொம்பிளை ஆர்?"

"அவை வருவினம். வந்து சொல்லுவினம்."

இந்த டயரியும் அவள் தந்ததுதான். மனதில் இருப்பதை எழுதினால் பிரஷர் குறையுமாம். ஊரில் ஓ.எல். பள்ளிச் சோதனை இரண்டு தரம் எழுதியும் கணிதம் கடைசிவரை என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. தமிழ் மட்டும் பாவம் பார்த்தது. ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

மே 2, வியாழன்

வந்தார்கள். ஆதவன், அவனுடைய தாய் சரோஜினி ரீச்சர், கூட இன்னொரு பெடியன். ரீச்சர் ஊரில் கணிதம் படிப்பித்தவ. அதைக் கேட்டதுமே என் முதுகு நிமிர்ந்துகொண்டது.

கடையில் நானும் மச்சானும் இருந்தோம். கடை என்றால் சாமான் வைக்கும் கிட்டங்கியின் முன்பக்கம்தான், ஒரு மேசையும் நாலு கதிரையும். மச்சான் யோகநாதன் என் மனைவி பவளத்தின் தம்பி, தொழிலில் சரிபாதிப் பங்காளி. அவனுடைய மகன் சின்ன வயதில் கடும் வருத்தத்தில் கிடந்து பிழைத்த பிறகு குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்துப் பெந்தகோஸ்தே சபைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டான். மற்ற நாட்களில் எங்கள் மணவறைப் பிள்ளையாரைத் தோளில் சுமந்து வானில் ஏற்றுவது அவன்தான். சைவக்காரனான எனக்கு இடுப்பு வருத்தம்.

நான் மற்றப் பெடியனைப் பார்த்து, "நீங்கள் பொம்பிளையின்ர தமையனோ? பொம்பிளை வரேல்லையோ?" என்று கேட்டேன்.

பெடியன் ஆதவனைப் பார்த்தான். ஆதவன் ரீச்சரைப் பார்த்தான். ரீச்சர் என்னைப் பார்த்து, வகுப்பில் பின்வாங்கில் இருப்பவனுக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னா.

"பொம்பிளை எண்டு ஒராளும் இல்லை. இவர் கீர்த்தன். இவரும் மாப்பிளை, என்ர மகனும் மாப்பிளை. ஆவணியில செய்ய யோசிக்கிறம்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மச்சானுக்கு ஒட்டவில்லை. புக்கிங் கொப்பியைத் திறந்து, பக்கம் எதையும் பார்க்காமலே, "ஆவணி முழுக்கப் புக் ஆகிட்டுது" என்றான்.

"புரட்டாதி?"

"புக்."

"ஐப்பசி?"

"எல்லாம் புக். இந்த வருசம் சரியான கலியாணம்."

ஒவ்வொரு தரமும் ரீச்சர் என்னைப் பார்த்தா. ஒவ்வொரு தரமும் நான் தலையாட்டினேன். தஞ்சாவூர்ப் பொம்மைக்கு வேலை கொடுத்தால் என்னைவிட நன்றாகச் செய்யாது.

ரீச்சர் கொஞ்சம் யோசித்தா. "சரி, நாளுங் கிழமையும் பாத்து எங்களை ஆர் வந்து ஆசீர்வதிக்கப் போகினம். யூலை இருபத்தேழு, சனிக்கிழமை எண்டா?"

"அதுவும் புக்" என்றான் மச்சான். வாய் ஒரு பாதையில் ஓடத் தொடங்கிவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை.

"யூலை இருபத்தேழு ஆடி மாசம், தம்பி."

மச்சான் கொப்பியை மூடினான்.

"ஆடியில மணவறை எடுத்த தமிழர் ஆரெண்டு எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன். போய் ஒருக்காக் கும்பிட்டுவிட்டு வாறன்."

கீர்த்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆதவனுக்கு வரவில்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், "ஆரணி உங்களைப் பற்றி இப்படிச் சொல்லவில்லையே" என்பதுபோல. மூன்று பேரும் எழும்பிப் போனார்கள். கனடாவில் ஆடி மாதத்துக்கு எங்கள் கிட்டங்கியில் சிலந்திதான் மணவறை கட்டும் என்பது தெரியாத தமிழன் இந்த ஊரில் இல்லை. பொய் சொல்லக்கூட ஒரு பஞ்சாங்க அறிவு வேண்டியிருக்கிறது.

மே 3, வெள்ளி

பவளம் "நேற்றுக் கடைக்கு ஆர் வந்தது?" என்று கேட்டாள். "ஒருதரும் இல்லை" என்றேன். குழம்பில் உப்பில்லை.

மே 5, ஞாயிறு

ஆரணி போன் எடுக்கவில்லை. வேலை கூடுதலாக இருக்கும். அரசாங்க வேலை, சும்மாவா.

ஒட்டாவாவில் வாடகை சரியான விலை. அதனால்தான் பிள்ளை, கிளேர் என்ற வெள்ளைக்காரப் பெட்டையோடு சேர்ந்து இருக்கிறாள். போன மார்கழியில் நான் போயிருந்தபோது கிளேர் எனக்குப் புட்டு அவித்துத் தந்தாள். கொஞ்சம் குழைந்துவிட்டது, ஆனாலும் அவளாகப் படித்து அவித்தது. அந்த வீட்டில் ஒரு படுக்கையறைதான். நான் ஹோலில் சோபாவில் படுத்தேன். வாடகை கூடின ஊரில் இப்படித்தான், சனம் இடத்தைச் சிக்கனமாகப் பாவிக்கிறது. ஐந்து வருடமாகச் சிக்கனமாகப் பாவிக்கிறார்கள்.

குளித்ததுதான் மிச்சம்.

மே 8, புதன்

இன்றைக்கு இரண்டு போன்.

முதலாவது, நாங்கள் கலியாணங்களுக்கு வழக்கமாகக் கூப்பிடும் ஐயர். ரீச்சர் அவரிடமும் போயிருக்கிறா.

"குணரத்தினம், நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். எனக்கு மனம் ஒப்பேல்லை. அவவின்ர முகத்தைப் பாத்துச் சொன்னன், கவலையாத்தான் இருந்தது. தேத்தண்ணி தந்தவ. குடிச்சிட்டு வந்தன். நீங்கள் என்னவோ ஆடியில புக் எண்டு சொன்னனீங்களாமே?"

அவர் சிரித்துவிட்டார். எனக்கு அவருடைய கருத்தில் உடன்பாடில்லை. ஆனால் மாட்டேன் என்றால் மாட்டேன் என்று தன் வாயால் சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்த மனிதனைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. மனச்சாட்சி என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்கும்போல. எங்களிடம் இருந்தது மனச்சாட்சி இல்லை, புக்கிங் கொப்பி.

இரண்டாவது, கோயில் தலைவர் தில்லையம்பலம். கதை அங்கேயும் போய்விட்டது.

"குணரத்தினம், நல்ல வேலை செய்தனீங்கள். எங்கட சமயத்தைக் காப்பாத்திப் போட்டியள்!"

சைவத்தைக் காப்பாற்றியது ஒரு பெந்தகோஸ்தேக்காரனும், தேவாரத்தில் இரண்டாவது வரி மறந்துபோகிற ஒரு சோம்பேறியும், ஒரு பொய்யும். அப்பர் சுவாமிகளுக்கு இவ்வளவு உதவி கிடைக்கவில்லை.

இருபது வருடமாக இந்த மணவறையில் ஆரார் இருந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஊரில் ஒரு மனைவியை வைத்துக்கொண்டு இங்கே இரண்டாவது தாலி கட்டினவனுக்கு நாங்கள்தான் பூ வைத்தோம். தாலி ஏறும்போது வேறொருவனை நினைத்து அழுத பெட்டையை இரண்டு மாமிமார் முழங்கையில் பிடித்து இருத்தியிருந்தார்கள். "சந்தோசக் கண்ணீர்" என்று தில்லையம்பலம் மைக்கில் சொன்னார். சாதகத்தைத் திருத்தி எழுதிச் செவ்வாயைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பின கலியாணங்கள் எத்தனை. சாதி விசாரித்து விசாரித்து, கடைசியில் மூன்றாம் தரம் விசாரித்து முடித்த கலியாணங்கள் எத்தனை. அப்போதெல்லாம் எங்கள் ஒருவருடைய சமயமும் புண்படவில்லை. பிள்ளையார்கூட உச்சியில் பேசாமல் இருந்தார். இரண்டு பெடியன்கள் ஒருவரை ஒருவர் விரும்பி, தாயையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்ததும் எல்லாருக்கும் ஒரேயடியாகப் பக்தி வந்துவிட்டது.

"எல்லாரும்" என்று எழுதியிருக்கிறேன். தலையாட்டினவனும் அதற்குள் அடங்குவான்.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். ஆரணி போன் எடுத்தாள், தாயின் போனுக்கு. நான் பக்கத்தில் நின்று எரியாத பல்பு ஒன்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தப் பல்பு நன்றாக எரிகிற பல்பு. தாயும் மகளும் கதைத்தார்கள், சிரித்தார்கள், புடவை பற்றிக் கதைத்தார்கள். "அப்பா நிக்கிறாரோ" என்று அந்தப் பக்கம் கேட்டமாதிரித் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டுப் பவளம் என்னைப் பார்த்தாள்.

"ஆடியில புக்காமே?"

"அது உன்ர தம்பி சொன்னது."

"நீங்கள் வாயில என்ன வைச்சிருந்தனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அதைத்தான் பிள்ளையும் போன கிழமை எனக்குச் சொல்லி அழுதவள். அப்பா ஒண்டும் சொல்லேல்லையாம்."

நான் பல்பை இறுக்கினேன். கூட இறுக்கிவிட்டேன், கையோடு வந்துவிட்டது.

மே 14, செவ்வாய்

ரீச்சர் கடைக்குப் போன் எடுத்தா. கோபமில்லை, பாடம் நடத்துகிற குரல்.

"ஐயர் மாட்டன் எண்டவர். அது அவற்ற உரிமை, சட்டமே குடுத்திருக்கு, நான் ஒண்டும் சொல்லேல்லை. கதிரை வாடகைக்கு விடுறவருக்கு அந்த உரிமை இல்லை. ஊருக்குத் திறந்து வைச்ச கடையில இவனுக்குத் தருவன், அவனுக்குத் தரமாட்டன் எண்டு இந்த மாகாணத்தில சொல்லேலாது. மகன் முறைப்பாடு எழுத வேண்டாம் எண்டு நிக்கிறான். நான் எழுதத்தான் வேணும் எண்டு நிக்கிறன். அறிவிச்சுப்போட்டுச் செய்வம் எண்டு எடுத்தனான்."

இதை மச்சானிடம் சொன்னேன். அவன் கொதித்துவிட்டான்.

"அத்தான், இது மதச் சுதந்திரம். என்ர விசுவாசத்துக்கு விரோதமா என்னைச் செய்யச் சொல்லி ஒரு சட்டமும் நெருக்கேலாது."

"எந்த விசுவாசம் மச்சான்? கிழமைக்குக் கிழமை பிள்ளையாரைச் சுமக்கிறியே, அது வேதத்தில எந்த அதிகாரத்தில வருது?"

"அது பைபர்கிளாஸ். சாமான்."

"அப்ப கதிரையும் சாமான்தானே?"

"நீங்கள் எப்பவும் பகிடி."

"சரி, பகிடியை விடுவம். ஏன் பொய் சொன்னனீ? உங்கட வேதத்தில பொய்யைப் பற்றி ஒண்டும் இல்லையோ?"

அவன் சத்தம் போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. கதிரையில் இருந்துவிட்டான்.

"அதுதான் அத்தான் எனக்கும் குத்துது. சொல்லியிருக்க வேணும். நான் இது பிழை எண்டு நம்பிறன், ஏலாது எண்டு. நீங்கள் சிரிக்கலாம். என்ர பிள்ளை ஐசியூவில கிடக்கேக்க நான் ஆண்டவருக்கு ஒரு வாக்குக் குடுத்தனான். எனக்கு அது பைபர்கிளாஸ் இல்லை."

எனக்குப் பகிடி வரவில்லை. அந்த ஆஸ்பத்திரி வாசலில் நானும் அவனோடு நின்றவன்.

"அப்ப அண்டைக்கு நீ வராத. நான் ஆள் பிடிச்சுச் செய்யிறன். உனக்காகக் கடை மாட்டன் எண்டு சொல்லாது."

"நீங்கள் ஏன் அத்தான் இவ்வளவு பிடிவாதமா நிக்கிறியள்?"

"கேஸ் போட்டா ஆர் ஓடுறது?" என்றேன்.

நல்ல பதில்.

மே 17, வெள்ளி

ரீச்சர் வீட்டுக்குப் போனேன். தனியாக. கையில் ஒரு வாழைப்பழச் சீப்பு. மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வாழைப்பழத்தோடு போகலாமா கூடாதா என்று வாசலில் நின்று யோசித்ததில் கதவு தானாகத் திறந்துவிட்டது.

"என்ன, ஆடிக் கலியாணத்துக்குப் பத்திரிகை கொண்டந்தனீங்களோ?" என்றா ரீச்சர்.

உள்ளே கூப்பிட்டா. தேத்தண்ணி வந்தது. ஐயரும் இந்தக் கோப்பையில்தான் குடித்திருப்பார்.

"ரீச்சர், யூலை இருபத்தேழு மணவறை தாறன். என்ன வடிவில வேணுமோ அப்பிடி."

"சட்டத்துக்குப் பயந்தோ?"

வேறு ஒரு பதில் இருந்தது. அதைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினேன்.

"ஓம்" என்றேன்.

ரீச்சர் என்னைப் பார்த்தா. வழி பிழை, விடை சரி என்று கண்ட ரீச்சர்மார் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"சட்டம் போட்டது எங்களுக்காக எண்டு இவ்வளவு நாளும் நினைச்சன்" என்றா. "உங்களை மாதிரி ஆக்களுக்கும்தான் போட்டிருக்கு. செய்ய விருப்பம், ஊருக்குச் சொல்ல ஒரு சாட்டு வேணும்."

வாழைப்பழத்தைத் திருப்பித் தரவில்லை. அது ஒரு நல்ல அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மே 19, ஞாயிறு

போன் வந்தது. எனக்கு.

"ரீச்சர் சொன்னவ அப்பா. செய்யிறீங்களாம்."

"ஓம் பிள்ளை."

"சட்டத்துக்குப் பயந்து எண்டு சொன்னனீங்களாம்."

"அது... ஓம். உங்கட ஊர்ச் சட்டம் சரியான இறுக்கம்."

"சரி. நல்லது அப்பா." அந்தப் பக்கம் யாரோ மெல்லக் கதைத்தது கேட்டது. "கிளேர் பக்கத்தில நிக்கிறா. சுகம் கேக்கிறா."

"புட்டுக்குத் தண்ணி கொஞ்சம் குறைக்கச் சொல்லு."

வைத்துவிட்டாள். போன் வந்தால் போதும் என்றுதானே இருந்தேன். வந்தது. முந்தி அவள் சிரிப்பதற்கு எடுப்பாள், இன்றைக்கு அறிவிப்பதற்கு எடுத்தாள்.

யூன் 15, சனி

ஆதவனும் கீர்த்தனும் கிட்டங்கிக்குச் சாமான் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு என்னோடு கதைக்கக் கொஞ்சம் கூச்சம். எனக்கு அதைவிடக் கூச்சம். ஆகவே எல்லாரும் தூண்களைத் தட்டித் தட்டிப் பார்த்தோம்.

கதிரையில்தான் சிக்கல் வந்தது. எங்கள் மணவறைச் சோடிக் கதிரையில் மாப்பிள்ளையின் கதிரை கொஞ்சம் உயரம், முதுகில் சிங்கம் இருக்கும். பொம்பிளையின் கதிரை பதிவு, உயரம் குறைவு, முதுகில் மயில். இருபது வருடமாக அதைச் சுமக்கிறேன். ஏன் ஒன்று உயரம் ஒன்று பதிவு என்று இன்றைக்கு வரை நினைத்ததேயில்லை.

கீர்த்தன் சிங்கத்தில் இருந்தான். ஆதவன் மயிலில் இருந்தான். பிறகு மாறி இருந்தார்கள். பிறகு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"காசைச் சுண்டி ரொஸ் போடுவமோ?" என்றான் ஆதவன்.

"தேவையில்லை" என்றேன். "ரெண்டு சிங்கம் போட்டால் போச்சு."

வேறொரு மணவறைக்காரரிடம் ஒரு சிங்கக் கதிரை இரவல் கேட்டேன். "உந்தக் கலியாணத்துக்கோ?" என்று கேட்டுவிட்டு, "தாறன், ஆனா என்ர கதிரை எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றார். சிங்கத்துக்கு அவமானம் வந்துவிடுமாம். சாப்பாட்டுக்காரர் வருகிறாராம், வானில் பெயர் எழுதின பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிற்பாட்டுவாராம். படம் எடுக்கிறவன் எடுப்பானாம், முகப்புத்தகத்தில் போடமாட்டானாம். நான் நித்திரை கொண்ட படத்தை உலகம் முழுவதும் போட்டவன், இப்போதுதான் அடக்கம் பழகுகிறான்.

கீர்த்தன் போகும்போது சொன்னான், மொன்றியலில் இருக்கும் தகப்பனும் தாயும் வரமாட்டார்களாம். "அப்பா கதைக்கிறேல்லை" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. நான் அவனுடைய தலைப்பாகைக்குத் தலையை அளந்தேன். அளவு எழுதவே மறந்துவிட்டேன்.

யூலை 26, வெள்ளி

நாளைக்குக் கலியாணம். மச்சான் வரமாட்டான் என்பதால் இரண்டு கூலி ஆட்களைப் பிடித்திருந்தேன். கிட்டங்கிக்குப் போனால் வானில் எல்லாம் ஏற்றி, கயிறு போட்டு இறுக்கி, பிள்ளையாருக்குப் போர்வை சுற்றி வைத்திருக்கிறது. மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"நீ மாட்டன் எண்டனீ."

"கலியாணத்துக்குத்தான் மாட்டன். உங்கட இடுப்புக்கு இல்லை."

விசுவாசம் கிட்டங்கி வாசலில் முடிகிறது, இடுப்பு வருத்தம் அங்கே தொடங்குகிறது. கேலி செய்ய நல்ல இடம். வாயைத் திறந்து, "கவனமாப் போ" என்று சொல்லி அனுப்பினேன்.

யூலை 28, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

சனம் மண்டபத்தில் பாதிதான். வராதவர்கள் எல்லாரும் வந்தவர்களுக்குப் போன் எடுத்து, என்ன நடக்குது, ஆர் தாலி கட்டினது, படம் அனுப்பு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தில்லையம்பலம் மட்டும் மூன்று பேருக்கு எடுத்தாராம். வந்து இருந்து பார்த்திருந்தால் சாப்பாடாவது கிடைத்திருக்கும்.

ஆரணி வந்தாள். கிளேரும் வந்தாள், சேலையில். பவளம் கட்டிவிட்டதாம். எங்கே வைத்து, எப்போது கட்டினாள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆரணி என்னைக் கண்டு சிரித்தாள், கடைக்காரரைக் கண்டால் சிரிப்பார்களே, அந்த அளவுக்கு. "வடிவா இருக்கு அப்பா, மணவறை" என்றாள். தாய்க்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டாள்.

ஐயருக்குப் பதிலாக ரீச்சருடைய பழைய மாணவி ஒருவர் நடத்தினா, நல்ல தமிழில், விளங்கும்படி. கை சேர்க்கிற நேரம் வந்தது. இரண்டு பக்கத்துப் பெற்றாரும் வந்து பிள்ளைகளின் கையைச் சேர்த்துப் பிடிக்க, மேலே நீர் வார்க்க வேண்டும். ஆதவன் பக்கம் ரீச்சர் நின்றா. கீர்த்தன் பக்கம் நின்றது குத்துவிளக்கு மட்டும்.

நான் மணவறைக்குப் பின்னால் லைட் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீர்த்தனுடைய கழுத்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் வாசலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். அது பின்னால் இருந்து பார்த்தாலும் தெரியும்.

ரீச்சர் சபையைப் பார்த்து, "பெடியன்ர பக்கத்தில நிக்க ஒரு தகப்பன் வேணும். ஆராவது வருவியளோ?" என்று கேட்டா.

ஆண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போனில் அவசர வேலை வந்துவிட்டது. ஒருவர் குனிந்து சப்பாத்து நூல் கட்டினார். அவர் போட்டிருந்தது செருப்பு.

வானில் ஒரு வாடகை வேட்டி எப்போதும் கிடக்கும். ஓடிப்போய், கதவுக்குப் பின்னால் நின்று, காற்சட்டைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு வந்தேன். மேலே வேலைச்சட்டை, அக்குள் நனைந்தது. மேடையில் ஏறும்போது வேட்டி தடக்கி மணவறைத் தூணைப் பிடித்துத்தான் நின்றேன். சபை சிரித்தது. கீர்த்தன் திரும்பிப் பார்த்தான். நான் அவனுடைய கையை எடுத்து ஆதவனுடைய கையில் வைத்தேன். கை குளிர்ந்து போயிருந்தது. ரீச்சர் நீர் வார்த்தா, பாதி என் சட்டைக் கைக்குள் போனது.

கீழே இறங்கி வரும்போது ஆரணி மேடைப் படியில் நின்றாள். கண்மை எல்லாம் கன்னத்தில்.

"இதுவும் சட்டத்தில இருக்கோ அப்பா?"

"வானில வேட்டி கிடந்தது பிள்ளை. அதுதான்."

அவள் என் வேட்டியை இழுத்துச் சரியாகக் கட்டிவிட்டாள். காற்சட்டை தெரியாமல், இடுப்பில் செருகி, சின்னப்பிள்ளைக்குச் செய்வதுபோல. "வயித்தை உள்ள எடுங்கோ" என்று அதட்டினாள். எடுத்தேன். அங்கே உள்ளே இடமில்லை என்று சொன்னேன். சிரித்தாள். பழைய சிரிப்பு.

எல்லாம் கழற்றி ஏற்றி முடிய, ஆரணியும் கிளேரும் ஒட்டாவாவுக்கு வெளிக்கிட்டார்கள். கார்வரைக்கும் போனேன். ஆரணி கட்டிப்பிடித்தாள். கிளேர் சேலைத் தலைப்பை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை எனக்கு நீட்டினாள். அவளாகப் பாடமாக்கி வைத்திருந்த தமிழில், "போயிட்டு வாறன், அங்கிள்" என்றாள்.

நான் அவளுடைய கையைப் பிடித்து, "கவனமாப் போங்கோ, இருட்டினால் ரோட்டுக்கு மான் வரும்" என்றேன்.

சொல்ல நினைத்தது வேறு: அங்கிள் இல்லை பிள்ளை, மருமக்கள் கூப்பிடுற மாதிரி மாமா எண்டு கூப்பிடு.